பாதம் பிடித்தலும் பாதம் பார்த்தலும்

(நம் சங்கத்தின் மாதாந்தரக் கூட்டத்தில் மயிலாப்பூரில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இம்மாதக் கூட்டத்திற் பேசுதற்கு யாம் எடுத்துக்கொண்ட பொருள், மனித சரீரத்தின் உறுப்புக்களுள் மிகத் தாழ்ந்த இடத்திலிருப்பதும், மிகுதியாக உழைப்பதும், மிகக் குறைவாகக் கவனிக்கப்படுவதுமாகிய பாதமேயாம். இப்பொருளை எமக்குத் தந்தவர்கள் நம் அங்கத்தினர்களே. அவர்களுள் பலர் சில மாதங்களாக எம்மிடம் ஒரே கேள்வியைப் பலவாறாகக் கேட்டு வருகின்றனர். தியாகராய நகரிலும் அடையாற்றிலும் பாதங்களை அழுத்திச் சிகிச்சை செய்வதாகப் பலகை தொங்கவிட்ட இடங்கள் பல தோன்றியுள்ளன. உள்ளங்காலின் படமொன்றை வரைந்து, அதிற் கட்டங்களிட்டு, இவ்விடம் ஈரல், இவ்விடம் சிறுநீரகம், இவ்விடம் கண் என்று குறித்த துண்டுப் பிரசுரங்களும் நம் கைகளுக்கு வருகின்றன. இம்முறையை நம்பலாமா? நம் வீட்டு முதியோரை அங்கே அனுப்பலாமா? நாள்தோறும் உண்ணும் மாத்திரையை இதனால் விட்டுவிடலாமென்று சிலர் சொல்லுகின்றனரே, அது மெய்யா? என்பனவே அக்கேள்விகள்.

இவற்றிற்கு ஒரு வார்த்தையில் விடை கூறிவிடலாம். ஆயினும் காரணமறியாது பெற்ற விடை நெஞ்சில் நிலைத்து நில்லாது. ஆகவே, கால் பிடித்தல் நம்மிடையே எவ்வாறிருந்தது, இப்பொழுது வழங்கும் ரிஃப்ளெக்ஸாலஜி என்னும் முறை எங்கிருந்து வந்தது, அதனால் விளையும் நன்மை எவ்வளவு, விளையக்கூடிய கேடு யாது, நம் வீடுகளிற் செய்யத்தக்கது என்ன என்னும் இவற்றை முறையே எடுத்துரைக்க விரும்புகின்றோம்.

ஒரு பாதத்தில் 26 எலும்புகளும் 33 மூட்டுக்களும் உள்ளன. அவற்றைப் பிணைக்கும் தசைகளும் நார்களும் நூற்றுக்கு மேற்பட்டன. இவ்வளவு நுட்பமான கட்டடத்தின் மேலேதான் நம் முழுப்பாரமும் நாள் முழுவதும் நிற்கின்றது. கடையில் நின்று வியாபாரம் செய்வோருக்கும், வகுப்பில் நின்று பாடஞ் சொல்லும் ஆசிரியருக்கும், அடுப்பங்கரையை விட்டு அகலாத பெண்மணிகளுக்கும் மாலையில் முதலில் முறையிடுவது பாதமே. அம்முறையீட்டைக் கேட்டு, அதற்கு ஆறுதல் செய்யும் வழக்கம் நம் வீடுகளில் நெடுங்காலமாக உண்டு. எண்ணெய் தேய்த்துக் குளிக்கும் நாளில் உள்ளங்காலுக்கும் எண்ணெய் தேய்ப்பதும், கோடையில் உறங்குமுன் உள்ளங்காலில் விளக்கெண்ணெய் தடவுவதும், பாட்டனாரின் கெண்டைக்காலைப் பேரப்பிள்ளைகள் ஏறி மிதித்து விடுவதும், விரல்களிற் சொடக்கெடுப்பதும், சுளுக்கு வழிப்பதும் நாம் அனைவரும் கண்டும் செய்தும் அறிந்தவையே.

நூல்வழக்கும் இதற்குத் துணை நிற்கின்றது. வாக்படர் இயற்றிய அஷ்டாங்க ஹிருதயம் என்னும் ஆயுர்வேத நூல், நாள்தோறும் எண்ணெய் தேய்த்துக்கொள்ளுமாறு விதித்து, தலை, செவி, பாதம் ஆகிய மூன்றிடங்களிலும் அதனைச் சிறப்பாகச் செய்யவேண்டுமென்கின்றது. இவ்வைத்தியத்தை வளர்க்கவே இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வி. கிருஷ்ணசாமி ஐயர் அவர்கள் முயற்சியால் நம் மயிலாப்பூரில் வேங்கடரமண ஆயுர்வேத வைத்தியசாலை தோன்றிற்று. சித்த வைத்தியத்திலோ புறமருந்துகள் 32 எனக் கணக்கிட்டு, அவற்றுள் ஒன்றாகத் தொக்கணம் என்பதைச் சேர்த்துள்ளனர். தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், கைகட்டல், அழுத்தல், இழுத்தல், மல்லாத்துதல், அசைத்தல் என அத்தொக்கணம் ஒன்பது வகைப்படும். கால் பிடித்தலை ஒரு சாமானிய ஊழியமென்று எண்ணுவோர், நம் முன்னோர் அதற்கு ஒன்பது பெயரிட்டு வகுத்திருப்பதை நோக்குவாராக. இனித் தென்பாண்டி நாட்டிலும் கன்னியாகுமரிப் பகுதியிலும் ஆசான்மார் பயின்றுவரும் வர்மம் என்னும் கலை வேறொன்றுண்டு. படுவர்மம் 12, தொடுவர்மம் 96 ஆக 108 இடங்களை அக்கலை கூறும். அவ்விடங்களில் அடிபட்டால் உண்டாகும் தீங்கையும், அத்தீங்கை இளக்கும் வழியையும் அறிவதே அதன் நோக்கம். அது குருவினிடம் பல்லாண்டு நின்று கற்கத்தக்கதேயன்றித் துண்டுப் பிரசுரத்தைப் பார்த்துக் கைவைக்கத்தக்கதன்று.

இப்பொழுது கடைகளிற் காணும் கட்டமிட்ட பாதப்படம் மேற்கூறிய நூல்களினின்று வந்ததென்று பலர் கருதுகின்றனர். அது பொருந்தாது. அப்படத்தின் வரலாறு ஓரளவு தெளிவாகவே தெரிந்துள்ளது. அமெரிக்க ஐக்கிய நாட்டில் கனெக்டிகட் மாகாணத்து ஹார்ட்போர்டு நகரில் காது, மூக்கு, தொண்டை நோய்களுக்கு வைத்தியராயிருந்த வில்லியம் பிட்ஸ்ஜெரால்டு என்பவர், சரீரத்தைத் தலைமுதற் கால்வரை நெடுக்காகப் பத்துப் பகுதிகளாகப் பிரிக்கலாமென்றும், ஒரு பகுதியின் நுனியாகிய கைவிரலையோ கால்விரலையோ அழுத்தினால் அப்பகுதியிலுள்ள பிற உறுப்புக்களில் நோவு தணியுமென்றும் ஒரு கொள்கையைக் கூறினார். விரல்களில் ரப்பர் வளையங்களை மாட்டியும், உலோகச் சீப்பைக் கையால் இறுகப் பிடிக்கச் செய்தும் அவர் இதனைப் பரீட்சித்தார். 1917 ஆம் ஆண்டில் எட்வின் போவர்ஸ் என்பாருடன் சேர்ந்து இதனை நூலாகவும் வெளியிட்டார். பின்னர், ஜோ ஷெல்பி ரைலி என்னும் வைத்தியர் இதனை விரித்தார். அவரிடம் பணிபுரிந்த யூனிஸ் இங்காம் என்னும் அம்மையார், கையைவிடப் பாதமே அழுத்தத்தை நன்குணர்கின்றதென்று கருதி, நோயாளர் பலருடைய பாதங்களை அழுத்திப் பார்த்து, ஒவ்வோர் உறுப்புக்கும் ஓரிடங் குறித்துப் படம் வரைந்தார். அவருடைய முதல் நூல் 1938 இல் வெளிவந்தது. தைவானில் ஊழியஞ் செய்துவந்த ஜோசப் யூக்ஸ்டர் என்னும் சுவிட்சர்லாந்து நாட்டுப் பாதிரியார், தமது முழங்கால் நோவுக்கு இம்முறையிற் பயன்கண்டு அங்குள்ள மக்களிடையே பரப்பினார். கீழ்த்திசை நாடுகளில் இது பெருகியதற்கு அவர் முயற்சி ஒரு காரணமாகும்.

எகிப்து தேசத்துச் சக்காரா என்னுமிடத்தில் அங்க்மாஹோர் என்னும் மந்திரியின் சமாதிச் சுவரிலே, ஒருவர் மற்றொருவருடைய பாதத்தைப் பற்றியிருக்கும் சிற்பம் ஒன்று உளது. அது நாலாயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்டது. அதனைக் காட்டி இம்முறை அத்துணைப் பழமையானதென்று கூறுவாருமுளர். பாதத்தைப் பற்றியிருத்தலாலேயே கட்டமிட்ட படமும் அக்காலத்திருந்ததென்று கொள்ளலாகாது. அங்ஙனங் கொள்ளின், பேரன் மிதித்த பாட்டனாரெல்லாரும் ரிஃப்ளெக்ஸாலஜி கண்டவரென்றாகிவிடும்.

இனி, அப்படம் கூறுவது யாதெனில்: கால்விரல்கள் தலையும் கண்ணும் காதுமாம், விரல்களுக்குக் கீழுள்ள மேட்டுப்பகுதி நுரையீரலும் இருதயமுமாம், நடுப்பள்ளம் இரைப்பை, ஈரல், கணையம் முதலியனவாம், குதிகாற்பக்கம் குடலின் கீழ்ப்பகுதியாம், பாதத்தின் உள்ளோரம் முதுகெலும்பாம். இவ்விடங்களை அழுத்துங்கால் எங்கே நோகின்றதோ அவ்வுறுப்பிற் குற்றமுண்டென்பதும், அங்கே தொடர்ந்து அழுத்தின் அக்குற்றம் நீங்குமென்பதும் அவர்கள் கொள்கை.

இக்கொள்கையை நாம் எவ்வாறு ஆராய்வது? அதற்கு ஒரு வழிகாட்டி நம் ஊரிலேயே உண்டு. தியாகராய நகரில் நாம் நாள்தோறும் சாமான் வாங்கச் செல்லும் உஸ்மான் சாலை, முகம்மது உஸ்மான் அவர்கள் பெயரைத் தாங்கியது. 1921 இல் சென்னை அரசாங்கம் சுதேச வைத்திய முறைகளை ஆராய நியமித்த கமிட்டிக்கு அவரே தலைவர், காப்டன் ஜி. ஸ்ரீனிவாசமூர்த்தி அவர்கள் காரியதரிசி. அக்காலத்தில் ஒரு சாரார் சுதேச வைத்தியமனைத்தும் மூடநம்பிக்கையென்று இகழ்ந்தனர். மற்றொரு சாரார் அதில் ஐயுறத்தக்கது யாதுமில்லையென்று புகழ்ந்தனர். கமிட்டியாரோ வினாக்களை அச்சிட்டு வைத்தியர்களுக்கு அனுப்பி, அவரவர் மொழியிலேயே விடை பெற்று, அவ்விடைகளைத் தொகுத்து 1923 இல் அறிக்கை வெளியிட்டனர். அதன் பயனாகவே 1924 இல் சென்னையில் அரசாங்க இந்திய வைத்தியப் பாடசாலை ஏற்பட்டது. அதன் தலைமையை ஏற்ற ஸ்ரீனிவாசமூர்த்தி அவர்கள் பிற்காலத்தில் அடையாறு நூல்நிலையத்தின் தலைவராகவும் விளங்கினார். இகழ்தலும் புகழ்தலும் எளிய செயல்கள், கேட்டறிதலே அரியது. அந்நெறியிலேயே நாமும் நிற்போம்.

ரிஃப்ளெக்ஸாலஜி வல்லாரைக் கேட்டறிந்த பரிசோதனைகள் பல மேனாடுகளில் நடந்துள்ளன. இங்கிலாந்தில் நடந்து 2000 ஆம் ஆண்டில் வெளியான ஒன்றைக் கூறுவோம். ஆறுவகை நோய்களுள் ஒன்றோ பலவோ உடைய 18 பேரைத் தெரிந்தெடுத்து, நோய் இன்னதென்று அறிவியாமல், இம்முறையில் தேர்ந்த இருவரிடம் அவர்கள் பாதங்களைக் காட்டினர். பாதத்தைக் கொண்டு நோயை அறிதற்கு இது தக்க வழியென்று அப்பரிசோதனையின் முடிவு காட்டவில்லை. இனி, நோய் தீர்தலைப் பற்றி 2009 ஆம் ஆண்டுவரை நடந்த 18 பரிசோதனைகளை எட்சர்ட் எர்ன்ஸ்ட் என்னும் பேராசிரியர் ஒருங்கு வைத்து நோக்கினார். எந்த வியாதிக்கும் இது பயனுள்ள சிகிச்சையென்று துணிதற்குப் போதிய ஆதாரமில்லையென்பது அவர் கண்ட முடிவு. ஆஸ்திரேலிய அரசாங்கமும் இவ்வாறே ஆராய்ந்து, தனியார் வைத்தியக் காப்புறுதிக்கு அரசாங்கம் அளிக்கும் சலுகையினின்று 2019 ஏப்ரல் 1 முதல் இம்முறையை நீக்கிற்று. மேலும், படங்களைத் தருவித்துப் பார்ப்போமாயின், ஒருவர் வரைந்த படத்தில் ஓரிடத்திலுள்ள உறுப்பு, மற்றொருவர் படத்தில் வேறிடத்திலிருக்கக் காணலாம். ஓர் ஊருக்கு இரண்டு வரைபடம் வேறுவேறாக இருப்பின் அவ்விரண்டையும் நம்பி வழிநடப்பார் யார்?

ஆகவே பாதப்படத்தைக் கொண்டு நோய் இன்னதென்று அறிய முயல்வதும், அதனை நம்பி மருந்தை நிறுத்துவதும் தகாதனவென்று ஐயமின்றிக் கூறுகின்றோம்.

அங்ஙனமாயின் பாதம் பிடித்தலாற் பயனே இல்லையோவெனின், உண்டு, நிரம்பவுண்டு. அஃது எவ்வாறென்பதையும் ஆராய்ச்சியே விளக்குகின்றது. நமக்கு அடிபட்டவுடன் அவ்விடத்தைக் கை தானே சென்று தேய்க்கின்றதன்றோ? அதன் காரணத்தை 1965 இல் மெல்சாக், வால் என்னும் இரு அறிஞர்கள் எடுத்துரைத்தனர். நோவைச் சுமந்து செல்லும் நரம்பும் தொடுவுணர்ச்சியைச் சுமந்து செல்லும் நரம்பும் முதுகுத்தண்டில் ஒரே வாயிலிற் சந்திக்கின்றன என்றும், தொடுவுணர்ச்சி மிகும்பொழுது அவ்வாயில் நோவுக்கு ஓரளவு அடைபடுகின்றதென்றும் அவர்கள் கூறினர். காசிநாதுனி நாகேஸ்வர ராவ் அவர்கள் 1893 இல் பம்பாயில் தொடங்கிப் பின் நம் மயிலாப்பூருக்குக் கொணர்ந்த அமிர்தாஞ்சனத்தை நெற்றியில் தேய்க்கும்போது நாம் பெறும் ஆறுதலும் ஏறக்குறைய இவ்வகையினதே. மருந்தின் குளிர்ச்சியும் விரலின் அசைவும் கூடி நோவுக்கு வழிமறிக்கின்றன.

இன்னுமோர் ஆராய்ச்சி நம் உள்ளத்தை மிகவும் கவர்ந்தது. அமெரிக்காவில் மிச்சிகன் மாகாணத்துச் சர்வகலாசாலையைச் சார்ந்தோர், முற்றிய மார்பகப் புற்றுநோயுற்ற பெண்மணிகளிடம் நடத்திய பரிசோதனை அது. 2012 இல் வெளியான முதற்பகுதியில் ஒரு சாராருக்குத் தேர்ந்தவரைக் கொண்டு ரிஃப்ளெக்ஸாலஜியும், மற்றொரு சாராருக்குப் பயிற்சியில்லாதவரைக் கொண்டு சாதாரணமாகப் பாதம் பிடித்தலும் செய்வித்தனர். முன்னவருக்கு மூச்சுத் திணறல் குறைந்தது; பின்னவருக்குக் களைப்புக் குறைந்தது. 2017 இல் வெளியான மற்றொன்றில், 256 பெண்மணிகளைச் சேர்த்து, அவருள் ஒரு சாராருக்கு உறவினரோ தோழியரோ சிறிது பழகிக்கொண்டு வாரமொருமுறை வீட்டிலேயே பாதம் பிடித்துவிட ஏற்பாடு செய்தனர். அவர்களுடைய துன்பங்கள் குறைந்தன. புற்றுநோய் இதனால் தீரும் என்று அவ்வாராய்ச்சியாளர் கூறவில்லை. நோயாளியின் அலுப்பும் வருத்தமும் தணிவதையே அளந்தனர். வீட்டாருடைய கையே இதற்குப் போதுமென்பது நாம் அறியவேண்டிய செய்தி. தியாகராய நகரில் மணிக்குப் பல நூறு ரூபாய் கொடுத்துப் பெறும் சுகத்தின் பெரும்பகுதியை, மகன் தந்தைக்கும் கணவன் மனைவிக்கும் ஒரு கரண்டி நல்லெண்ணெய்ச் செலவில் அளித்துவிடலாம். கடைக்குச் சென்று கால் அலுப்பைத் தீர்த்துக்கொள்ள வசதியுள்ளார் செல்வதையும் யாம் குறைகூறோம். அத்தொழிலில் நேர்மையாகப் பிழைக்கும் இளைஞர் பலருளர். அலுப்புத் தீர்ப்போமென்று அவர் சொல்லுமளவில் அவர் சொல் மெய்யே.

இதுவரை நன்மையைக் கூறினோம். இனி, இச்சொற்பொழிவை நிகழ்த்தவேண்டுமென்று எம்மைத் தூண்டிய காரணத்தைக் கூறுகின்றோம்.

நம் நாட்டில் நீரிழிவு பெருகிவிட்டது. சென்னையிலுள்ள நீரிழிவு ஆராய்ச்சி நிலையத்தார் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்துடன் கூடி நாடெங்கும் ஒரு லட்சத்து 13 ஆயிரம் பேரைச் சோதித்து 2023 இல் வெளியிட்ட கணக்கின்படி, 2021 ஆம் ஆண்டில் இந்தியாவில் நீரிழிவுடையோர் 10 கோடியே 10 லட்சம் பேர். தமிழ்நாட்டில் வயதுவந்தோருள் நூற்றுக்குப் பதினால்வருக்கு மேல் இந்நோயுடையர். அஃதாவது, இம்மண்டபத்தில் அமர்ந்திருக்கும் ஏழு பேருக்கு ஒருவர் என்று கொள்ளலாம். இந்நோய் ஆண்டுகள் பல கழிந்தபின் பாதத்து நரம்புகளை மெல்ல மெல்ல அழித்துவிடுகின்றது. முதலில் எரிச்சலும் மரத்தலும் தோன்றும்; பின்னர் உணர்ச்சியே அற்றுப்போம். சிலருக்கு இரத்த ஓட்டமும் குறையும். நோவு என்பது நமக்கு இயற்கை வைத்த காவற்காரன். அக்காவற்காரன் உறங்கிவிட்டால், முள் தைத்தாலும், செருப்பு கடித்தாலும், வெந்நீர் பொசுக்கினாலும் உடையவனுக்குத் தெரியாது.

யாம் நன்கறிந்த முதியவர் ஒருவர், உத்தியோகத்தினின்று ஓய்வு பெற்றவர், பதினைந்தாண்டுகளாக நீரிழிவுடையவர். பாதத்தில் மரத்தல் கண்டு, அது நீங்குமென்று சொல்லக் கேட்டு, ஓரிடத்தில் வாரமிருமுறை பாத அழுத்தம் செய்துகொண்டார். மரக்கட்டையால் உள்ளங்காலை அழுத்துவர். மற்றவர் கூச்சலிடும் அழுத்தத்தை இவர் பொறுத்துக்கொண்டிருப்பதைக் கண்டு, இவருடைய தேகம் மிக நல்ல நிலையிலிருக்கிறதென்று அங்குள்ளோர் பாராட்டினராம். நோகாமைக்குக் காரணம் நலமன்று, நரம்பின் அழிவு என்பதை அங்கே ஒருவரும் அறிந்திலர். பெருவிரலின் அடியில் ஒரு கொப்புளம் எழுந்தது, அவர் உணரவில்லை. அது புண்ணாயிற்று, அதனையும் அவர் பார்க்கவில்லை. காலுறையில் ஈரங்கண்டு மருமகள் கேட்டபோதுதான் வீட்டார் அறிந்தனர். இரண்டு விரல்களை எடுத்துவிட்டு மருத்துவமனையினின்று அவர் மீண்டார். யாரிடம் குற்றங் கூறுவது? அவர் பாதத்தைப் பலர் தொட்டனர், ஒருவரேனும் பார்த்திலர்.

அன்பர்களே! யாம் கூறவந்த பொருள் இவ்வொன்றே: பாதம் பிடிக்குமுன் பாதத்தைப் பார்த்தல் வேண்டும். 

பார்ப்பது எவ்வாறு? நல்ல வெளிச்சத்தில் இரு பாதங்களையும் மேலும் கீழும் நோக்குக. விரலிடுக்குக்களைப் பிரித்து நோக்குக. வெடிப்பு, கொப்புளம், ஆணி, சிவப்பு, கறுத்த இடம், வீக்கம், ஈரம், துர்நாற்றம் இவை உளவோவென்று காண்க. புறங்கையால் இரு பாதங்களையும் தொட்டு, ஒன்று மற்றொன்றினும் மிகச் சூடாகவோ மிகக் குளிர்ந்தோ இருக்கின்றதாவென்று அறிக. தனியே வசிப்போர் ஒரு கண்ணாடியைத் தரையில் வைத்து உள்ளங்காலைத் தாமே பார்த்துக்கொள்ளலாம்.

உணர்ச்சியுண்டோவென்று அறிவதற்கும் ஓர் எளிய வழியுண்டு. மருத்துவர்கள் 10 கிராம் அழுத்தத்தில் வளையும் நைலான் இழையொன்றால் இதனைச் சோதிப்பர். அவ்விழை இல்லாத வீட்டில் விரலே போதுமென்று இங்கிலாந்தில் இப்ஸ்விச் நகர மருத்துவமனையார் கண்டு 2011 இல் வெளியிட்டனர். முதியவரைக் கண்ணை மூடிக்கொள்ளச் செய்து, ஒவ்வொரு பாதத்திலும் பெருவிரல், நடுவிரல், சிறுவிரல் ஆகிய மூன்றின் நுனிகளை நம் சுட்டுவிரல் நுனியால் ஓரிரு விநாடி மெல்லத் தொடவேண்டும். அழுத்தலாகாது, தட்டலாகாது, தேய்க்கலாகாது. தொடும்போதெல்லாம் வலமென்றோ இடமென்றோ அவர் சொல்லவேண்டும். ஆறிடங்களுள் இரண்டையோ அதற்கு மேற்பட்டவற்றையோ அவர் உணராவிடின், அப்பாதம் ஆபத்துக்குரியதென்று கொண்டு மருத்துவரிடம் காட்டுக. இச்சோதனைக்கு இரண்டு நிமிஷமும் செல்லாது. ஒரு காசும் செலவில்லை. கால்விரலைத் தொட்டு ஈரலின் நிலையைச் சொல்வதாகக் கூறுவோரினும், கால்விரலைத் தொட்டு அக்காலின் நிலையை அறிந்துகொள்ளும் பேரன் மேலானவன்.

உணர்ச்சி குன்றிய பாதமுடையார் சில வழக்கங்களை மாற்றிக்கொள்ளல் வேண்டும். கபாலீசுவரர் கோயிற் பிராகாரத்திலே நடுப்பகலிற் கருங்கல் எவ்வளவு கொதிக்குமென்பதை நாம் அறிவோம். நோவறிந்தவன் ஓடி நிழலை அடைவான்; நோவறியாதவன் நிதானமாக வலம்வந்து, வீடு திரும்பியபின் கொப்புளங் காண்பான். அன்னார் காலையிலோ மாலையிலோ தரிசனஞ் செய்வாராக. தடித்த காலுறை அணிவாராக. பங்குனியில் அறுபத்துமூவர் விழாவன்று மாடவீதிகளில் நடந்து திரும்பியதும் பாதங்களைக் கழுவித் துடைத்துப் பார்ப்பாராக. நகரத்துப் பூங்காக்கள் சிலவற்றிற் கூழாங்கல் பதித்த நடைபாதையுண்டு; பாதத்து இடங்களைத் தூண்டுமென்று அதில் வெறுங்காலுடன் நடப்பர். உணர்ச்சியுள்ளோர்க்கு அஃது இனிய பொழுதுபோக்கு. உணர்ச்சியற்றோர்க்கு அது விலக்கு. வெந்நீரிற் காலை அமிழ்த்துமுன் வேறொருவர் முழங்கையால் சூட்டைப் பார்க்கவேண்டும். ஆணியைப் பிளேடால் அறுத்தல் கூடாது. நகத்தை நேராக வெட்டவேண்டும். செருப்பை அணியுமுன் உதறி உள்ளே கைவிட்டுப் பார்க்கவேண்டும். எம்.சி.ஆர். செருப்பு என வழங்கும் மெத்தென்ற ரப்பர்ச் செருப்பை மருத்துவர் யோசனைப்படி வாங்குதல் நலம். புதுச்செருப்பை மாலையில் வாங்குக. அப்பொழுதே பாதம் சற்றுப் பருத்திருக்கும்.

இனி, பாதம் பிடிக்கலாகாதார் இன்னாரென்பதையும் கூறிவிடுகின்றோம். புண், கொப்புளம், எலும்பு முறிவு, புதிய அறுவைச் சிகிச்சை உடைய காலைப் பிடிக்கலாகாது. ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி, சூடேறி, நோவெடுக்குமாயின் அதனைத் தேய்க்கவே கூடாது. உள்ளே இரத்தம் உறைந்திருக்கலாம். அவ்வுறைகட்டி பெயர்ந்து நுரையீரலை அடைந்தால் உயிருக்கே மோசம். உடனே மருத்துவமனைக்குச் செல்க. சிறிது தூரம் நடந்ததும் கெண்டைக்கால் வலித்து, நின்றால் தணியுமாயின், அல்லது பாதம் குளிர்ந்து நிறம் மாறியிருக்குமாயின், இரத்தக்குழாயில் அடைப்பிருக்கலாம். அதனையும் மருத்துவரே தீர்மானிக்கவேண்டும். கர்ப்பிணிகள் தம்மைப் பார்க்கும் மருத்துவரைக் கேட்டே எதனையும் செய்துகொள்ளவேண்டும்.

இக்குற்றங்கள் யாதுமில்லாதார்க்குப் பிடிக்கும் முறை மிக எளிது. முதியவரைச் சாய்ந்து அமரச்செய்து, காலின்கீழ் ஒரு தலையணை வைக்க. கையைக் கழுவி, நகத்தை வெட்டி, மோதிரத்தைக் கழற்றுக. சிறிதளவு இளஞ்சூடான நல்லெண்ணெயைக் கையிற் கொண்டு, பாதத்தினின்று முழங்காலை நோக்கி நீவுக. குதிகாலை உள்ளங்கையில் தாங்கிக்கொண்டு, பெருவிரலால் உள்ளங்காலின் பள்ளத்தை மெல்ல அழுத்துக. விரல்களை ஒவ்வொன்றாகப் பற்றி இலேசாகச் சுழற்றுக, இழுத்துச் சொடக்கெடுக்கவேண்டுவதில்லை. அழுத்தம் போதுமா, அதிகமா என்று கேட்டுக்கொண்டே செய்க. ஒரு காலுக்குப் பத்து நிமிஷம் போதும். முடிந்ததும் எண்ணெயைத் துடைத்துவிடுக. விரலிடுக்கில் எண்ணெய் தங்கலாகாது. எண்ணெய்க்காலோடு எழுந்து நடந்து வழுக்கி விழுந்தார் பலர். ஆகையால் துடைக்கும்வரை எழவொட்டாது தடுக்க.

முடிவாக ஒன்று. காலைத் தொடுதல் தாழ்ந்தவர் செய்யும் தொழிலென்னும் எண்ணம் நம்மவர் உள்ளத்தில் இன்னும் முற்றும் ஒழிந்தபாடில்லை. முற்காலத்தில் கால் பிடிக்கும் வேலையை ஏவலாளர்மேலும், பின்னர் வீட்டுப் பெண்கள்மேலும் சுமத்தினர். மாமனார் காலை மருமகள் பிடிப்பதும், மகன் பக்கத்திலமர்ந்து பத்திரிகை படிப்பதும் பல வீடுகளில் நாம் காணும் காட்சி. அவ்வம்மையாரின் காலும் நாள் முழுவதும் நின்ற கால்தான். அதனைப் பார்ப்பார் யார்? ஆண்மக்கள் தம் தாய் தந்தையர் பாதத்தையும் மனைவியின் பாதத்தையும் கையிலெடுப்பதனால் ஒரு கௌரவமும் குறைந்துவிடாது. பெரியோர் காலில் விழுந்து வணங்குவதைச் சிறப்பாகக் கருதும் நாம், வணங்கி எழுமுன் அக்காலைச் சற்றுப் பார்க்கவும் கற்றுக்கொள்ளலாமன்றோ?

நம் சங்கத்தாருக்கு ஒரு விண்ணப்பம் செய்துகொள்ளுகின்றோம். கல்லூரி மாணவர்களாகிய நம் இளைஞர் சிலர், மேலே கூறிய விரல்தொடு சோதனையை ஒரு மருத்துவர் முன்னிலையில் ஒரு மாலைப்பொழுதிற் பழகிக்கொள்ளலாம். அதன்பின் நம் அங்கத்தினர் வீடுகளில் அறுபது வயதுக்கு மேற்பட்டோர் அனைவருடைய பாதங்களையும் ஆண்டுக்கொருமுறை பார்த்துவரலாம். ஐயத்துக்கிடமானவரை அரசாங்க மருத்துவமனைக்கோ தம் குடும்ப மருத்துவரிடமோ அழைத்துச் செல்லலாம். அயலாரும் நண்பரும் எக்குலத்தவராயினும் அவர்க்கும் இதனைச் செய்யலாம். நீரிழிவு குலம் பார்த்து வருவதன்று. இதற்கு நிதி வேண்டுவதில்லை, மண்டபம் வேண்டுவதில்லை. ஒரு மாலைப்பொழுதும், சுத்தமான கையும், நல்ல வெளிச்சமும் போதும்.

இன்றிரவு உறங்குமுன் ஒவ்வொரு வீட்டிலும் ஒருவருடைய பாதத்தையேனும் விளக்கொளியிற் பார்க்குமாறு வேண்டி, இவ்வளவில் அமர்கின்றோம்.